ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு: ரீபூட்டுக்குப் பிறகும் நிற்குமா?

லினக்ஸ் கணினிகளை நிர்வகிக்கத் தெரியும் என்று சான்றளிக்க ரெட் ஹாட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ (தேர்வு எண் இஎக்ஸ்200) தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி கிடையாது. 3 மணி நேரம் தருவார்கள். லினக்ஸ் கணினியில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் வரிசையாக இருக்கும். மொத்த மதிப்பெண் 300, தேற 210. இணையம் இல்லை, கட்டளைகளை விளக்கிக் கணினிக்குள்ளேயே இருக்கும் மேன் பக்கங்கள்தான் துணை. செய்த அமைப்புகள் எல்லாம் ரீபூட் ஆன பிறகும் யாரும் கை வைக்காமல் தானே வேலை செய்ய வேண்டும். நன்றாகப் படித்தவர்களும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

பயிற்சிக்கான இயங்குதளத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் ரெட் ஹாட்டோடு ஒத்துப்போகும் கட்டற்ற இயங்குதளங்கள். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-க்கான ஆதரவு 2021 இறுதியோடு நின்றபோது அந்த இடத்தை நிரப்ப வந்தவை. அசல்தான் வேண்டுமென்றால் ரெட் ஹாட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 கணினிகள் வரை இலவசம். 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் தலா 2 ஜிபி ராமும் 20 ஜிபி வட்டும் கொடுத்து இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டலாம். ஒவ்வொன்றிலும் 5 ஜிபி அளவில் இரண்டு வெற்று வட்டுகளைக் கூடுதலாகச் சேருங்கள். வட்டைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கப் பழக அவை வேண்டும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இயங்குதளங்களின் பதிப்பு 10, ஏவிஎக்ஸ்2 என்ற கணக்கீட்டு வசதி இல்லாத சிபியுவில் ஓடாது. அல்மாலினக்ஸ் மட்டும் பழைய சிபியுக்களுக்கென்று தனி வெளியீடு தருகிறது. சிபியு சரியாக இருந்தும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நிரலகம்) பிழை காட்டி நின்றால், மெய்நிகர் கணினியின் சிபியு வகையை 'ஹோஸ்ட் பாஸ்த்ரூ' என்று மாற்றிப் பாருங்கள்.

வட்டு இடத்தை வேண்டியபடி வால்யூம்களாகப் பிரித்துத் தருவது எல்விஎம்; அது இடத்தை எக்ஸ்டென்ட் என்ற சம அளவுத் துண்டுகளாக எண்ணும். அந்தக் கணக்கில் கவனம் சிதறினால் மதிப்பெண் போய்விடும். '16 எம்பி எக்ஸ்டென்ட் அளவில் 60 எக்ஸ்டென்ட் கொண்ட வால்யூம்' என்றால் 960 எம்பி. வால்யூமை உருவாக்கும் எல்விகிரியேட் கட்டளையில் எக்ஸ்டென்ட் எண்ணிக்கைக்குச் சிறிய எல், அளவுக்குப் பெரிய எல். சிறியதற்குப் பதில் பெரியதைப் போட்டு 60 என்று அடித்தால் பிழை வராது. 60 எம்பி என்று எடுத்துக்கொண்டு, 16-இன் மடங்கான 64 எம்பிக்கு உயர்த்தி உருவாக்கிவிடும். பிழைச் செய்தி வராத தவறுதான் ஆபத்தானது. ஒரு ஜிபி பார்ட்டிஷனில் 16 எம்பி அளவில் 64 எக்ஸ்டென்ட் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்; தொடக்கத்தில் எல்விஎம்மின் சொந்தக் குறிப்புகளுக்கு இடம் போவதால் 63தான் வரும். வால்யூமைப் பெரிதாக்கும்போது எல்விஎக்ஸ்டெண்டோடு '-ஆர்' சேர்த்தால் உள்ளிருக்கும் கோப்பு முறைமையும் சேர்ந்து விரியும். மறந்தால் வால்யூமைப் பார்க்கும் எல்விஎஸ் கட்டளை புதிய அளவையும், கோப்பு முறைமையைப் பார்க்கும் டிஎஃப் கட்டளை பழைய அளவையும் காட்டும். எக்ஸ்எஃப்எஸ் வகைக் கோப்பு முறைமை விரியும், சுருங்காது. ஆகவே கொடுக்கும் அளவை முதலிலேயே சரிபாருங்கள்.

பூட் ஆகும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு எழுத்து பிசகினால் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். எழும்பாத கணினியில் மற்ற வேலைகள் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. சாதனப் பெயருக்குப் பதில் யூயூஐடி (கோப்பு முறைமையின் தனி அடையாள எண்) எழுதுங்கள். ரீபூட்டுக்கு முன், அந்தக் கோப்பில் உள்ளவற்றை இணைத்துப் பார்க்க 'மவுன்ட் -ஏ', பிறகு கோப்பைச் சரிபார்க்க ஃபைண்ட்மவுன்ட்டை '--வெரிஃபை' என்று ஓட்டுங்கள். இரண்டும் குறை சொல்லாவிட்டால்தான் அடுத்த வேலை. சேவைகளிலும் இதே கதைதான்: ஸ்டார்ட் இப்போதைக்கு, எனேபிள் அடுத்த பூட்டுக்கு. ஃபயர்வால் விதியில் '--பெர்மனென்ட்' விட்டுப்போனால் ரீபூட்டில் மறையும். போட்டுவிட்டு ரீலோட் செய்யாவிட்டால் இப்போது வேலை செய்யாது.

கோப்புகளுக்கும் போர்ட்டுகளுக்கும் லேபிள் ஒட்டி, யார் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்குதான் எஸ்இலினக்ஸ். அதை அணைத்துவிட்டுத் தப்பிக்கும் பழக்கம் அலுவலகத்திலேயே நல்லதல்ல, தேர்வில் சொல்லவே வேண்டாம். வலைச் சேவையகம் 82-ஆம் போர்ட்டில் ஓட மறுத்தால் செமேனேஜ் கட்டளை மூலம் அந்தப் போர்ட்டுக்கு 'எச்டிடிபி போர்ட்' வகையைக் கொடுக்க வேண்டும். நீளமான அந்தக் கட்டளையை மனப்பாடம் செய்யாதீர்கள். 'செமேனேஜ்-போர்ட்' மேன் பக்கத்தின் அடியில் உதாரணம் இருக்கிறது. ஹோம் அடைவிலிருந்து எம்வி செய்த (நகர்த்திய) கோப்பு பழைய லேபிளோடு வரும், சிபி செய்தது (நகலெடுத்தது) சேருமிடத்தின் லேபிளைப் பெறும். பக்கம் திறக்காமல் 'அனுமதி இல்லை' என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லேபிளைச் சரியானதற்கு மாற்றும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் தீரும். சிஎச்கான் கட்டளை கொண்டு மாற்றிய லேபிள் ரீபூட்டைத் தாண்டும், எல்லாக் கோப்புகளுக்கும் மறுபடி லேபிள் ஒட்டும் முழு ரீலேபிளைத் தாண்டாது.

ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல்லை மீட்கும்போது 'ஆட்டோரீலேபிள்' என்ற வெற்றுக் கோப்பை மூல அடைவில், பெயருக்கு முன் புள்ளி வைத்து, உருவாக்க மறக்காதீர்கள். மறந்தால் கடவுச்சொற்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பின் லேபிள் கெட்டு, சரியான கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்காது. ரீலேபிள் ஆகச் சில நிமிடம் பிடிக்கும். கணினி தொங்கிவிட்டது என்று பயந்து நடுவில் அணைக்க வேண்டாம்.

இனி, பயிற்சிக்குத் துணை தேட லினக்ஸ் பயனர் குழு. சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது நெடுநாள் வழக்கம். காஞ்சிபுரம், விழுப்புரம் ஊர்களிலும் குழுக்கள் இயங்குகின்றன. தேர்வு எழுதியவர்களிடம் 'என்ன கேட்டார்கள்?' என்று நச்சரிக்காதீர்கள். கேள்விகளை வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள்; சொன்னால் அவர்கள் சான்றிதழுக்கே ஆபத்து. அதைவிட நல்ல உதவி ஒன்று கேட்கலாம்: உங்கள் மெய்நிகர் கணினியை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் சேமிப்பு) எடுத்துவிட்டு அவர்களிடம் கொடுத்து, கெடுத்துத் தரச் சொல்லுங்கள். எஃப்எஸ்டேப்பில் யூயூஐடியின் ஓர் எழுத்தை மாற்றுவார்கள், வலைப்பக்கக் கோப்பின் லேபிளைக் குலைப்பார்கள், ஒரு சேவையை மாஸ்க் செய்து (ஓடவே முடியாதபடி பூட்டி) வைப்பார்கள். மாஸ்க் ஆனது அன்மாஸ்க் செய்யும்வரை எனேபிள் ஆகாது என்பது அப்போது மறக்காமல் பதியும். 20 நிமிடம் வைத்துக்கொண்டு, கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லும் மேன் பக்கமும் மட்டும் கொண்டு மீட்டுப் பாருங்கள். கெடுப்பவர் தான் செய்ததைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் 20 நிமிடம் கழித்து அவருக்கே நினைவிருக்காது.