ஞாயிறு இரவு எட்டேகால்

திருச்சியிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் கொலோனுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. வந்த இரண்டாவது மாதம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 17.50 யூரோ. எங்களிடம் அப்போது டிவியே இல்லை. தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். என் கணவர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாதாம், குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு கட்டணம், 2013 முதல் அப்படித்தானாம். இப்போது அது 18.36 யூரோ. சரி, கட்டத்தான் போகிறோம், பார்த்தாவது வைப்போம் என்று அடுத்த சனிக்கிழமை நாற்பது யூரோவுக்குப் பழைய டிவி ஒன்றை வாங்கி வந்தோம். நான் கற்ற ஜெர்மனில் பாதி 600 மணி நேர வகுப்பில் வந்தது. மீதிப் பாதி அந்த டிவிக்கு முன்னால் வந்தது.

நான் சினிமாவை ஆராய்ந்து பார்க்கிறவள் இல்லை. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் மனசு ஒன்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பார்த்த ஒவ்வொன்றைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஊரில் இருந்து புதிதாக வருகிறவர்கள் "ஜெர்மன் பழக என்ன பார்க்கலாம்?" என்று கேட்கும்போது அதைத்தான் சொல்கிறேன்.

முதலில், டப்பிங் படங்களை விட்டுவிடுங்கள். இங்கே டிவியில் எந்த ஆங்கிலப் படம் போட்டாலும் ஜெர்மனில்தான் பேசும். முதல் நாள் சேனல் மாற்றும்போது ப்ரூஸ் வில்லிஸ் சரளமாக ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தார். நமக்கு டப்பிங் புதிதில்லை, ஜாக்கி சான் தமிழ் பேசித்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் இங்கே அது பெரிய தொழில். ஒரு நடிகருக்கு ஒரே குரல்காரர் பல வருடம் பேசுவார். ப்ரூஸ் வில்லிஸுக்குப் பேசிவந்த மான்ஃப்ரெட் லேமன்தான் பிரெஞ்சு நடிகர் டெபார்டியூவுக்கும் பேசியிருக்கிறார். வேலை அவ்வளவு சுத்தம், குறையே சொல்ல முடியாது. ஆனாலும் மொழி பழகுகிறவளுக்கு அது உதவவில்லை. வாய் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று கேட்கிறது. புது மொழியைப் பாதிக்குப் பாதி நாம் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெர்மன்காரர்களே எடுத்த நிகழ்ச்சிகளுக்கு மாறிய பிறகுதான் வார்த்தைகள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன.

எனக்கு முதலில் புரிந்த நிகழ்ச்சி குழந்தைகளுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் எலி நிகழ்ச்சி. 1971-இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஓர் எலி, கூடவே நீல நிறத்தில் ஒரு குட்டி யானை. தொடக்கத்தில் அன்றைக்கு என்னென்ன வருகிறது என்று ஜெர்மனில் ஒருவர் சொல்வார். உடனே அதையே வேறு ஏதாவது ஒரு மொழியில் சொல்வார்கள். பிறகுதான் அது என்ன மொழி என்று அறிவிப்பார்கள். என் மகள் ஒவ்வொரு வாரமும் போட்டிபோட்டு ஊகிப்பாள். நடுவில், பற்பசைக்குள் கோடு எப்படி வருகிறது என்பது மாதிரியான விஷயங்களை நிதானமாகக் காட்டுவார்கள். குட்டிக் குட்டி வாக்கியம். பரபரப்பு இல்லை, கத்தல் இல்லை. இந்த நாட்டின் டிவியில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரு குழந்தையைப் புத்தியுள்ள மனுஷியாக மதித்துப் பேசுகிற நிகழ்ச்சி அது.

அடுத்தது கோடீஸ்வரன். நம் ஊரில் 2012-இல் சூர்யா நடத்தினாரே, அதே விளையாட்டுதான். இங்கே 1999 முதல் குந்தர் யாவுக் நடத்துகிறார். எங்கள் ஊரை ஒட்டிய ஹ்யூர்த் என்ற ஊரில்தான் படம்பிடிக்கிறார்கள். கேள்வியும் நான்கு விடைகளும் திரையில் எழுத்தாகவே நிற்கும். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தெரியாத சொல்லையெல்லாம் எழுதுவேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இனி டாட்டோர்ட். குற்றம் நடந்த இடம் என்று பொருள். 1970 நவம்பரிலிருந்து ஞாயிறு இரவு எட்டேகால் மணிக்கு வருகிற துப்பறியும் தொடர். 1,200 கதைகளுக்கு மேல் வந்துவிட்டன. எட்டு மணிச் செய்தி முடிந்ததும் திரையில் இரண்டு கண்கள், அதன்மேல் குறிவட்டம், ஈரத் தரையில் ஓடும் கால்கள். அந்த முகப்பைப் பெரிதாக மாற்றவே இல்லை. விளம்பர இடைவேளை கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. மதுக்கடைகளில் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பவர்களும் உண்டு.

முதல் ஐந்தாறு கதைகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரே இருட்டு. ஒரு துப்பறிவாளர் காபி குடிப்பார், ஜன்னல் வழியாகப் பார்ப்பார், மூன்று நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். பாட்டும் சண்டையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பாடாக இருந்தது. பிறகு அந்த அமைதியே எனக்கு வசதியாகிவிட்டது. ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் பேசத் தொடங்குவதற்குள் சொன்னதை மனசுக்குள் தமிழாக்க நேரம் கிடைத்தது.

இந்தத் தொடரில் ஒவ்வொரு வாரமும் ஓர் ஊர். மியூனிக், ஹாம்பர்க், டிரெஸ்டன் என்று அந்தந்த ஊருக்குத் தனித் துப்பறிவாளர்கள். எங்கள் கொலோனுக்கு 1997 முதல் பல்லாஃப், ஷெங்க் என்று இருவர். கதை முடிவில் அடிக்கடி ரைன் நதிக்கரையில், எதிரே பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரிய, ஒரு தொத்திறைச்சிக் கடை முன்னால் நின்று பியர் குடிப்பார்கள். அந்தக் கடையைத் தேடி மகளோடு டொய்ட்ஸ் கரை முழுக்க நடந்தேன். இல்லை. படப்பிடிப்புக்கு மட்டும் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஜெர்மன்காரர்கள் ம்யூன்ஸ்டர் நகரக் கதைகளைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதிகம் பேர் பார்ப்பதும் அதைத்தான். டீல் என்ற போலீஸ்காரரும் போர்னே என்ற பிணப் பரிசோதனைப் பேராசிரியரும் 2002-இலிருந்து சண்டை போட்டுக்கொண்டே துப்பறிகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. போர்னே தன் உதவியாளரான பெண்ணை, அவர் உயரம் குறைவு என்பதற்காக, பழங்கதையில் வரும் ஒரு குள்ளனின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் பதிலடி கொடுப்பார்தான், எல்லோரும் சிரிப்பார்கள்தான். ஆனால் ஒருவர் உடம்பை வைத்து இருபது வருடமாகச் சிரிப்பு வரவழைப்பது நம் காமெடி டிராக்குகளில் பார்த்துப் பார்த்து நான் வெறுத்த விஷயம். மொழி மாறியதால் அது நல்லதாகிவிடாது.

ஆனால் அந்த இருவரிடம் நான் கற்றது ஒன்று உண்டு. இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் ஒருவரையொருவர் 'ஸீ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். கொலோன் ஜோடியோ 'டூ'. நம் நீங்கள், நீ மாதிரிதான். என் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இதில் ரொம்பவே திணறினார்கள். நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடும். ஒரு விசாரணைக் காட்சியில் போலீஸ்காரர் 'ஸீ'யிலிருந்து 'டூ'வுக்கு இறங்கினால் உடனே முதுகு நிமிர்ந்துவிடும் எனக்கு. பிடிபடாத இடம் வேறு. இங்கே அக்கா கிடையாது, அம்மா கிடையாது, பெரியம்மா கிடையாது. எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். அவரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் கூசியது.

அவரோடுதான் நான் இங்கே பார்த்த சிறந்த படத்தைப் பார்த்தேன். 'மற்றவர்களின் வாழ்க்கை' என்ற பொருளில் ஜெர்மன் தலைப்பு. 2006-இல் வந்து அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. 1984-இல் கிழக்கு பெர்லினில் ஓர் உளவுத்துறை அதிகாரி, ஒரு நாடகாசிரியரின் வீட்டை ஒட்டுக்கேட்கிறார். அதே கட்டடத்தின் மேல் பரணில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கீழே நடப்பதையெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். கேட்கக் கேட்க அவருக்குள் ஏதோ இளகுகிறது. உல்ரிச் ம்யூகே என்ற நடிகர் முகத்தில் ஒரு நரம்பைக்கூட வீணாக அசைக்காமல் அதைக் காட்டினார். ஆஸ்கர் கிடைத்த சில மாதங்களிலேயே இறந்துபோனார்.

படம் முடிந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அம்மா அழவில்லை. அவர் பழைய கிழக்கு ஜெர்மனியின் மாக்டெபுர்க்கில் பிறந்து வளர்ந்தவர், பெர்லின் சுவர் விழுந்த பிறகு இங்கே வந்தவர். மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். "நல்ல படம். ஆனால் அப்படி மனம் மாறிய ஆள் ஒருவரைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை" என்றார். படத்தில் நாடகாசிரியர், உளவுத்துறை தன்னைப் பற்றி வைத்திருந்த கோப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பார். 1992-இலிருந்து யாரும் விண்ணப்பித்துத் தங்கள் கோப்பைப் பார்க்கலாம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். "எழுதிக்கொடுத்தது யார் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு யாரோடு நான் காபி குடிப்பது?" என்றார். அந்தப் படத்தைப் பற்றி எந்த விமர்சனம் படித்தாலும் எனக்கு அந்தக் கைக்குட்டைதான் நினைவுக்கு வருகிறது. இப்போதும் அது எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் ஒரு நல்லவனைக் கதைக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் இனி பார்க்க முடியும்.

காலம் தாண்டிப் போகிறவர்களின் கதையான 'டார்க்' என்ற ஜெர்மன் தொடரின் முதல் சீசன் அபாரம். மழையும் குகையும் 33 வருடக் கணக்கும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்தன. மூன்றாவதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. யார் யாருக்குப் பிள்ளை என்று தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய கதையில் அழ முடியவில்லை.

'அல்மான்யா' என்ற 2011-ஆம் ஆண்டுப் படத்தைப் புதிதாக வருகிற எல்லோரும் பார்க்க வேண்டும். 1960-களில் வேலைக்கு வந்த ஒரு துருக்கிக் குடும்பத்தின் கதை. அதில் ஓர் அற்புதமான ஏற்பாடு: துருக்கிக் குடும்பம் தங்களுக்குள் பேசுவது ஜெர்மனில் கேட்கும். அவர்கள் வந்திறங்கியபோது ஜெர்மன்காரர்கள் பேசுவதோ அர்த்தமே இல்லாத உளறலாகக் கேட்கும். முதல் மாதம் பேக்கரியில் பணிப்பெண் கேட்டது என் காதில் விழுந்தது அப்படியேதான். பையில் போடவா, வெட்டித் தரவா என்று கேட்டிருப்பார் போல. நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வெட்டிய ரொட்டியோடு வீடு வந்தேன். அந்தக் காட்சியில் அரங்கமே சிரித்திருக்கும். எனக்குத் தொண்டை அடைத்தது.

தியேட்டர் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கு, நாற்பது கிலோமீட்டர் ரயிலேறி மூவரும் போனோம். வாசலில் மகளின் வயதைக் கேட்டார்கள். ஒன்பது. படத்துக்கு 16 வயதுச் சான்றிதழ். பன்னிரண்டு என்றால் ஆறு வயது தாண்டிய பிள்ளையை அப்பா அம்மா கூட்டிப்போகலாம், பதினாறுக்கு அந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் வாங்கும்போது எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. கணவரை உள்ளே அனுப்பிவிட்டு நானும் மகளும் வெளியே உட்கார்ந்தோம். அவள் அழுதுகொண்டே பாப்கார்ன் தின்றாள். இங்கே பாப்கார்ன் இனிப்பாக இருக்கும், உப்புப் போட்டது வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம். சில மாதம் கழித்து அந்தப் படத்தை வீட்டில் தனியாகப் பார்த்தேன். முதல் அரை மணி நேரத்தில் எத்தனை தலை விழுந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் செய்தது சரிதான். சின்ன வயதில் திருச்சித் தியேட்டர்களில் அப்பா மடியில் உட்கார்ந்து நானும் எல்லாவற்றையும் பார்த்தவள்தான். இடைவேளை வரை கண்ணை மூடிக்கொண்டே இருந்த படங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பெரிய நடிகர்கள் படம் என்றால் குடும்பத்தோடு வருவார்கள் என்று தெரிந்தே இவ்வளவு ரத்தம் காட்டுவது எனக்கு ஏற்கவில்லை.

டிசம்பர் 31 அன்று இங்கே எல்லோரும் பார்ப்பது 18 நிமிட நாடகம் ஒன்று. 1963-இல் பதிவானது, கறுப்பு வெள்ளை, பேச்சு முழுக்க ஆங்கிலம். தொண்ணூறாவது பிறந்தநாள் கொண்டாடும் சீமாட்டி. விருந்துக்கு வர வேண்டிய நான்கு நண்பர்களும் எப்போதோ செத்துப்போய்விட்டார்கள். வேலைக்காரர் அந்த நால்வருக்காகவும் தானே குடித்து, தானே தள்ளாடி, தரையில் கிடக்கும் புலித்தலையில் இடறிக்கொண்டே பரிமாறுகிறார். ஊரே சிரிக்கிறது. இடறுகிற இடங்களில் நானும் சிரிக்கிறேன். ஆனால் கண் அந்தக் காலி நாற்காலிகளுக்குத்தான் போகிறது. என் அப்பாயி கடைசிக் காலத்தில் கூடப் பிறந்த ஆறு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்படியொரு டிசம்பர் 31 இரவில்தான் எதிர் வீட்டு அம்மா எனக்கு 'டூ' கொடுத்தார். இங்கே அது ஒரு சடங்கு மாதிரி. பெரியவர்தான் கேட்க வேண்டும். கண்ணாடிக் கோப்பையை உயர்த்தி, தன் பெயரைச் சொல்லி, இனிமேல் இப்படியே கூப்பிடு என்றார். எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும். அன்றிரவு முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். அந்த வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட என் நாக்கு வரவில்லை. மகள் அவரை 'ஓமா' என்கிறாள், பாட்டி என்று. கொஞ்ச நாளில் நானும் அதையே பிடித்துக்கொண்டேன், அவருக்கும் அது பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் செய்து, "ஓமா, இன்றைக்கு எந்த ஊர்?" என்று கேட்பேன். ம்யூன்ஸ்டர் என்றால் அவர் வீட்டில், அவருக்கு அது பிடிக்கும். கொலோன் என்றால் எங்கள் வீட்டில்.