ஆலையால் ஊருக்கு என்ன ஆச்சு? நாங்கள் கணக்கெடுத்த விதம்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். ஆலையால் சுற்றுவட்டார ஊர்களில் என்ன மாறியிருக்கிறது என்று அளந்து சொல்லும் பொறுப்பு போன வருடம் என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை. அதன் பலனை வெளியாட்களை வைத்து மதிப்பிடுவது 2021 முதல் கட்டாயம். ஆனால் அது இந்தக் கடமைத் தொகையே சராசரியாக 10 கோடி வரும் பெரிய கம்பெனிகளுக்கு, அதுவும் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும். எங்கள் ஆலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதலாளியே விரும்பிக் கேட்டார். அதனால் பூசி மெழுக வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

ஏற்கெனவே இருந்த ஃபைலில் கொடுத்த பொருட்களின் பட்டியல்தான் இருந்தது: பள்ளிக்கு பெஞ்சு, கழிப்பறை, ஊருக்கு ஆர்.ஓ. குடிநீர் நிலையம். எவ்வளவு கொடுத்தோம் என்று அது சொல்லும். கொடுத்ததால் என்ன ஆனது என்று சொல்லாது.

ஆர்.ஓ. நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் "இயங்குகிறது" என்று இருக்கிறது. நேரில் போனால் இயங்கத்தான் செய்கிறது. ஆனால் நான் போய்ப் பேசிய வீட்டுத் திண்ணையில் தனியார் வேனில் வாங்கிய இருபது லிட்டர் கேன் இருந்தது. அந்த அக்கா சொன்னார்: "தண்ணி நல்லாத்தான் இருக்கு தம்பி. காலைல பத்து மணிக்குத்தான் திறக்கறாங்க. நாங்க அப்ப நூறு நாள் வேலைல இருப்போம். சாயங்காலம் வந்தா பூட்டிக் கிடக்கும்." லட்சக்கணக்கில் செலவான ஒரு திட்டத்தின் பலனை ஒரு சாவிக்கொத்து தீர்மானித்துக்கொண்டிருந்தது. இப்போது விடிகாலையிலும் மாலையிலும் திறக்கிறார்கள். சாவி மகளிர் குழுவிடம் இருக்கிறது.

இந்த மாதிரிப் பேச்சு ஆலை அடையாள அட்டையோடு போனால் வராது. வீட்டில் ஒருவர் எங்களிடம் வேலை பார்த்தால் குறை சொல்லத் தயங்குவார்கள். அதனால் வீடு வீடாகப் போகும் வேலையைப் பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணி மாணவர்களிடம் விட்டோம். ஆலையே இல்லாத, மற்றபடி இதே மாதிரியான இன்னோர் ஊரிலும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். அது மிக முக்கியம். வீடுகள் காரை வீடாக மாறியதும் பெண்கள் கல்லூரிக்குப் போவதும் அங்கேயும் நடந்திருக்கிறது. அதையெல்லாம் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

அப்புறம் பணம். ஆலை செலவழிக்கும் பணம் உள்ளூரில் எவ்வளவு சுழல்கிறது என்று பார்க்க, லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் உருவாக்கிய எல்.எம்.3 என்ற முறை எளிது. ஆலை 100 ரூபாய் செலவழிக்கிறது, அதில் 40 உள்ளூர் ஆட்களுக்கும் கடைகளுக்கும் போகிறது, அவர்கள் அதில் 20-ஐ உள்ளூரிலேயே செலவழிக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றையும் கூட்டி 100-ஆல் வகுத்தால் 1.6. இந்த எண் கூடக் கூட, பணம் உள்ளூரில் அதிகம் சுழல்கிறது என்று அர்த்தம். சம்பளப் பட்டியலும் ஜி.எஸ்.டி. பில்களும் இருந்தால் முதல் இரண்டு எண்கள் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு ஊழியர்களிடமும் கடைக்காரர்களிடமும் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

எது "உள்ளூர்" என்பதில்தான் அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். தமிழ்நாடு முழுவதையும் உள்ளூராக எழுதினால் எண் அழகாக இருக்கும். நாங்கள் ஆலை இருக்கும் பஞ்சாயத்தையும் அதை ஒட்டிய பஞ்சாயத்துகளையும் மட்டும் எடுத்தோம். எண் சட்டென்று இறங்கியது. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் இங்கே சுழலாது. ஆனால் அவர்கள் தரும் வீட்டு வாடகையும் மளிகைக் கடைக் கணக்கும் இங்கேதான். அதைத் தனியாக எழுதினோம்.

கெடுதலையும் அளக்காமல் இந்த வேலை முடியாது. பள்ளி விடும் நேரத்தில் சாலையோரம் நிற்கும் பஞ்சு லாரிகள், எங்கள் ஈரப்பதக் கருவிகளுக்காக எடுக்கும் போர்வெல் தண்ணீர், இரண்டும் எல்லாத் தெருவிலும் பேச்சாக வந்தன. அதோடு யாரும் திட்டமிடாத ஒரு நன்மையும் வந்தது. ஆலை மதில் விளக்குகள் இரவெல்லாம் எரிவதால் டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அந்த வழியாகவே வருகிறார்களாம். அது எந்த ஃபைலிலும் இல்லை.

அறிக்கையை மே 1 கிராம சபையில் வாசித்தோம். கைதட்டலும் வந்தது, கோபமும் வந்தது. லாரிகளை உள்ளே நிறுத்த ஆலைக்குள்ளேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. தண்ணீர் விஷயத்தில் ஒரு பெரியவர் விடவில்லை: "உங்க போர் எத்தனை அடில ஓடுது, எவ்வளவு இறங்கியிருக்கு, அதைச் சொல்லுங்க." அந்த அளவை இப்போது மாதாமாதம் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதுகிறோம்.