காலாங் உள்ளரங்கமும் காற்றோட்டமும்

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கேயின் வடிவமைப்பில் உருவாகி, 1989ஆம் ஆண்டின் கடைசி நாளில் திறக்கப்பட்ட, காலாங் வட்டாரத்திலுள்ள சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் சுமார் 12,000 பேர் அமரலாம். உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் மேடையேறும் இதே இடத்தில்தான் சிங்கப்பூர் பொதுவிருதுப் பூப்பந்துப் போட்டியும், 2014 முதல் 2018 வரை மகளிர் டென்னிஸ் இறுதிச்சுற்றும் நடைபெற்றன.

ஆனால், கச்சேரிக்கு ஏற்றதெல்லாம் ஆட்டத்துக்கு ஏற்றதாகிவிடாது. ஆயிரக்கணக்கானோர் திரளும் இசை இரவுக்குக் குளிரூட்டி வலுவாக இயங்க வேண்டும். ஏறக்குறைய 5 கிராம் எடையே உள்ள இறகுப்பந்தோ மெல்லிய காற்றுக்கே விலகிவிடும். ஒரு பக்கத்திலிருந்து உயரத் தூக்கி அடித்த பந்து பின்கோட்டுக்குள் விழ, அதே விசையில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது கோட்டைத் தாண்டிப் போவதைப் பார்வையாளர்களே கவனிக்கலாம். மூன்றாவது ஆட்டத்தில் ஒருவர் 11 புள்ளிகளை எட்டியதும் இருவரும் பக்கம் மாற வேண்டும் என்ற விதியின் அருமை இங்கே நன்றாகப் புரியும்.

காலாங்கிலேயே குறைந்தது 18,000 இருக்கைகளுடன் புதிய உள்ளரங்கம் எழும் என்று 2025இல் அரசு அறிவித்தது. அதன் காற்றுக் குழாய்களைத் திட்டமிடும்போதே பூப்பந்து வீரர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.