தாத்தாவின் பாஸ்புக்கில் வைரங்கள்

மாதத்தின் முதல் வாரத்தில் மேற்கு மாம்பலத்தில் எந்த வங்கிக் கிளைக்குள் நுழைந்தாலும் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தின் முன்னால் ஒரு வரிசை நிற்கும். ஓய்வூதியர் வரிசை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த வரிசை வந்து முடிகிற மேசையில்தான் கழிந்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவை என்று பலகை தொங்கும். புகார் மேசை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாஸ்புக்கை அச்சிட்ட கையோடு நின்று படிக்கிற தலைமுறை அது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பால், மருந்து, கரண்ட் பில் என்று வரி வரியாக டிக் அடித்துக்கொண்டே வருவார்கள். ஓரிடத்தில் பென்சில் நின்றுவிடும்.

நின்ற இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான வரி. யூபிஐ என்று தொடங்கி, பன்னிரண்டு இலக்க எண் ஒன்று ஓடி, கடைசியில் கூகுள் பிளே மாதிரி ஓர் ஆப் கடையின் பெயர், இடம் போதாமல் பாதியில் அறுந்து. தொகை எண்பது ரூபாய் இருக்கும், நூற்றறுபது இருக்கும். அதே தேதியில் அதே தொகை இன்னொரு முறை. அடுத்த நாள் எண்ணூறு.

“என் கணக்கில் யாரோ திருடுகிறார்கள், மேடம்” என்றுதான் பேச்சு தொடங்கும். குரல் தாழ்ந்திருக்காது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். உடனே இன்னும் நான்கு பேர் தங்கள் பாஸ்புக்கை மறுபடி விரிப்பார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது இந்த மேசைக்குப் பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். “வீட்டில் பேரன், பேத்தி யாராவது இருக்கிறார்களா, சார்?” அதுவரை இருந்த கோபம் சட்டென்று வேறொன்றாக மாறும். “அவன் படிப்பதற்குத்தான் போனை எடுப்பான்” என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் பாஸ்புக்கை மூடிவிடுவார்கள். திருடன் வெளியே இருந்தால் போலீசுக்குப் போகலாம், இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கலாம், சத்தம் போடலாம். உள்ளே இருந்தால் என்ன செய்வது?

எங்கள் படிவத்துக்கும் அது தெரியாது. பரிவர்த்தனையை நீங்கள் செய்தீர்களா, இல்லையா என்று கேட்கும். செய்தது ஒன்பது வயதுப் பையன் என்று எழுத அதில் இடம் கிடையாது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைதான் இந்த விஷயத்தில் எங்களுக்கு வேதமாக இருந்தது. வங்கி மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, நடுவில் எங்கோ ஓட்டை விழுந்து பணம் போனது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பே இல்லை என்றது அது. ஆனால் ரகசிய எண்ணைத் தானே இன்னொருவருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது முழுவதும் அவர் தலையில்தான். பேரனிடம் தன் ரகசியப் பின் (PIN) எண்ணைச் சொன்ன தாத்தா இந்த இரண்டாவது பிரிவில் வந்து விழுகிறார். உண்மையைச் சொன்னால் வங்கியில் வழி அடைபடும். “நான் செய்யவில்லை” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மோசடிப் புகாராகி, கார்டு முடங்கி, விசாரணை என்று ஆரம்பித்து, கடைசியில் இதே வீட்டு வாசலுக்குத்தான் வந்து நிற்கும்.

விந்தை என்னவென்றால், உண்மைக்கு வங்கியில் இல்லாத மதிப்பு ஆப் கடையில் இருக்கிறது. குழந்தையோ குடும்பத்தாரோ தெரியாமல் வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க கூகுள் பிளேயிலும் வழி உண்டு, ஆப்பிளிலும் உண்டு. கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் நேரடியாக அவர்களிடமே கேட்கலாம்; அது தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஆப்பை உருவாக்கிய நிறுவனத்தைத் தேடிப் போகச் சொல்வார்கள். இங்கேதான் எங்கள் பாஸ்புக் வரிசை தோற்றுப் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை அச்சடித்துப் பார்ப்பவருக்கு 48 மணி நேரம் என்பது எப்போதோ கடந்துபோன ரயில். குறுஞ்செய்தி அப்போதே போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. வங்கியிலிருந்து வருகிற குறுஞ்செய்தியை அந்த வீட்டில் யார் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதே தகராறு அமெரிக்காவில் பெரிய வழக்காகவே நடந்தது. அங்கே பிரச்சினை வேறு மாதிரி. பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லை அடித்துவிட்டால், ஆப்பிள் கருவியில் அடுத்த 15 நிமிடம் குழந்தை இஷ்டத்துக்கு வாங்கிக்கொண்டே போகலாம். கூகுளில் அந்த இடைவெளி 30 நிமிடம். 2014-இல் நுகர்வோர் நலனைக் காக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் பெற்றோருக்குத் திருப்பித் தர ஏற்பாடானது. அமேசான் நீதிமன்றம் வரை போய்ப் போராடியது. 2017-இல் 7 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரும் ஏற்பாட்டில் அது முடிந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் விவகாரத்தில் ஒரு குற்றச்சாட்டு என் மேசைக்கு மிக நெருக்கமானது. கார்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்த வாடிக்கையாளர்களின் கணக்கையே அந்த நிறுவனம் பூட்டிவிட்டது என்றார்கள். 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலர் தர அது ஒப்புக்கொண்டது. வங்கி வழியாகச் சண்டைக்குப் போவதற்கு முன் கடையில் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிகளைப் பார்த்தால் நம் நாட்டில் இப்படி நடக்கவே கூடாது. இணையத்தில் கார்டைப் பயன்படுத்தினால் கூடுதலாக ஓர் அடையாளச் சோதனை வேண்டும் என்று 2009 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. யூபிஐ வந்த பிறகும் பின் எண் இல்லாமல் பொதுவாகக் கடைப் பணம் நகராது. யூபிஐ லைட் மாதிரி சில்லறைத் தொகைகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கத் தாய்மார்கள் கேட்டுப் போராடிய பூட்டு நமக்கு முன்கூட்டியே கிடைத்திருந்தது. ஆனால் பூட்டைச் செய்தவர்கள் சென்னையின் கூட்டுக் குடும்பத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இங்கே ஓடிபி வந்தால் “கண்ணா, என்ன நம்பர் வந்திருக்கிறது பார்” என்று கேட்பதே தாத்தாதான். கண்ணாடி எங்கேயோ இருக்கும், எழுத்து பொடியாக இருக்கும், நேரம் ஓடும். பின் எண் நிலைப்படிமேல் வைத்த சாவி போல வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. பாட்டி பிறந்த ஆண்டு. அல்லது வீட்டுக் கதவு எண்ணை இரண்டு முறை.

ஒரு பையனைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு. தாத்தா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அப்பா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் மேசை முன்னால் நிறுத்தினார். நான் ஏதோ நீதிபதி மாதிரி, “இவங்களிடம் சொல், என்ன செய்தாய் என்று சொல்” என்று அதட்டினார். பையன் அழவில்லை. அவன் முகத்தில் இருந்தது குழப்பம்தான். போன் விளையாட்டில் டைமண்ட் வாங்கியிருக்கிறான், அதாவது அந்த விளையாட்டுக்குள் மட்டும் செல்லுகிற காசு. அதை வைத்துத் துப்பாக்கிக்கு ஸ்கின் என்று ஒரு புதுத் தோற்றம், விளையாட்டில் வரும் ஆளுக்கு ஒரு சட்டை. விலையெல்லாம் டைமண்டில்தான் போட்டிருக்கும். ரூபாய் என்ற சொல் ஒரே ஒரு திரையில், ஒரே ஒரு நொடி வந்து போகும். அதன்பின் பின் எண் கேட்கிற பக்கம். அந்தப் பக்கம் அவனுக்குப் புதியதல்ல.

“கரண்ட் பில், கேஸ், பால் கார்டு எல்லாம் நான்தான் கட்டுகிறேன், மேடம்” என்றான். பெருமையாகச் சொன்னானா, தற்காப்பாகச் சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவுக்கு இது செய்தி போலிருக்கிறது. பையனை விட்டுவிட்டுத் தன் தகப்பனாரைப் பார்த்தார்.

கோரிக்கையை அங்கேயே, அந்தப் போனிலேயே போட்டோம். எனக்கு ஒவ்வொரு பக்கமாகத் தேடத்தான் தெரியும். பையன் மூன்று தட்டில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து கொடுத்தான். காரணம் கேட்கும் இடத்தில் குடும்பத்தில் ஒருவர் அனுமதியில்லாமல் வாங்கியது என்பதை அவனே தேர்ந்தெடுத்தான். விரல் அந்த ஒரு இடத்தில்தான் தயங்கியது. முந்தைய நாளும் அன்று காலையும் வாங்கியவற்றுக்குப் பணம் திரும்பி வந்தது. பழையவற்றுக்கு வரவில்லை.

வந்த பணத்திலும் தாத்தாவுக்கு நிம்மதி இல்லை. திரும்பிய தொகை வரவாகத் தனி வரியில் அச்சாகியிருந்தது. பற்று வரி பற்றாகவே இருந்தது. அதை அழிக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த முறை மகன் பாஸ்புக்கைப் பார்த்தால் பையனுக்கு மறுபடி அடி விழுமாம். ஒருமுறை எழுதியதை வங்கியில் யாராலும் அழிக்க முடியாது, எதிர்ப்பதிவுதான் போடலாம். தலைமையாசிரியராக எத்தனையோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவருக்கு அது தெரியாமலிருக்காது. ஆனாலும் கேட்டார்.

பையன்களைவிட எனக்குத் தலைவலி தருவது ஆட்டோபே. படம் வரையக் கற்றுத்தரும் ஆப், மூன்று நாள் இலவசம் என்று போட்டிருக்கும். பேத்தி அழுத்துவாள், பின் எண் ஒருமுறைதான் கேட்கும், ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ போகும். அது மாதாமாதம் எடுத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி என்று வீட்டில் பெரியவர்களுக்கே புரியாது, ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன புரியும்? அதற்குப் பிறகு பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்குப் பின் எண்ணே தேவைப்படாது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி, வரவும் செய்கிறது. ஆங்கிலத்தில், கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்ற செய்திகளுக்கு நடுவில். “ஆப்பை அன்றைக்கே டெலிட் செய்துவிட்டோமே, மேடம்” என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. கடைக்குள் போய் சந்தாவை ரத்து செய்ய வேண்டும், யூபிஐ செயலியிலும் ஆட்டோபே அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஒரு வைகுண்ட ஏகாதசி வரிசை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இந்தச் சந்தாப் பொறியையும் ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சிலருக்கு நானே பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வழக்கறிஞர் பேத்திக்காக வந்து எங்கள் மேலாளரிடம் ஒரு மதியம் முழுக்க வாதாடினார். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் பாருங்கள், 1903-லேயே, வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்ட விஷயம் என்றார். எல்லாம் சரி. ஆனால் கணக்கு தாத்தாவுடையது, போன் தாத்தாவுடையது, பின் எண்ணும் தாத்தாவுடையது. எங்கள் கணினிக்குப் பேத்தி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. மேலாளர் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

பள்ளி விடுமுறை மே மாதத்தில் இந்தப் புகார்கள் கூடும். அதைவிட, அப்பா அம்மா இருவரும் தரமணி, சிறுசேரி என்று வேலைக்குப் போய் இரவு திரும்புகிற வீடுகளிலிருந்துதான் அதிகம் வரும். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார் என்ற கேள்விக்குப் பாட்டி என்பார்கள். பாட்டிக்குத் துணை போன். பெற்றோரின் போனில் பூட்டு, கைரேகை, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு எல்லாம் பக்காவாக இருக்கும். பெரியவர்களின் போனில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் எண்பது ரூபாய் எப்போதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போகிறது.

தலைமையாசிரியர் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். பின் எண்ணை மாற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கூடவே பேரனையும் அழைத்து வந்திருந்தார். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்கள் வேண்டும். எண்கள் தேய்ந்திருந்தன, பையன் படித்தான். காலாவதித் தேதி, பையன் படித்தான். ஓடிபி வந்தது, அதையும் அவனே படித்தான். புதிய எண்ணைப் போடும்போது மட்டும் அவனை டோக்கன் பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். நின்றான். தாத்தா ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். பையனின் தோள் குலுங்கியது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இது சரிப்படாது என்று தெரிந்தபின்தான் இன்னொரு வழியைச் சொன்னேன். ஓய்வூதியக் கணக்கை யூபிஐயிலிருந்து எடுத்துவிடலாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, வீட்டுச் செலவுக்கு வேண்டிய தொகை மட்டும் மாதத்தின் முதல் தேதி தானாக அங்கே போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, போனில் அதை மட்டும் இணைத்துக்கொள்ளலாம். எது போனாலும் அந்த அளவோடு நின்றுவிடும். பெரியவருக்குப் பிடித்திருந்தது. படிவத்தில் தொகை எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். மாதம் எவ்வளவு ஆகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மூவாயிரத்து ஐந்நூறு போதும், தாத்தா” என்றான் பையன், டோக்கன் பலகையைப் பார்த்தபடியே. “கரண்ட் பில் வருகிற மாதம் மட்டும் ஐயாயிரம்.”

மாதாமாதம் தொகை மாறினால் படிவம் ஏற்காது என்றேன். நாலாயிரத்து இருநூற்று ஐம்பது என்று மனக்கணக்காகச் சராசரி சொன்னான். அதையே எழுதிக்கொண்டேன்.