சித்தப்பாவுக்கு ஓர் ஏரி

சிங்கப்பூரில் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. கோடை இருக்கிறது, பன்னிரண்டு மாதமும் அதுதான். விடுமுறையும் இருக்கிறது, ஜூன் மாதத்தில். ஆனால் ஊரில் ஜூனில் பள்ளி திறந்துவிடும். அவர்களுக்கு லீவு விட்டிருக்கும்போது என் மகன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவான். இவனுக்கு லீவு விடும்போது அங்கே புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் சொந்தக்காரர்கள் மே மாதம்தான் விமானம் ஏறுவார்கள். எல்லாரும் சேர்ந்து வெளியே போக எங்களுக்குத் தோதாகக் கிடைப்பது விசாக தினம். புத்தர் புண்ணியம்.

இந்தமுறை வந்தவர்கள் சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா, என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய வால் முளைத்த பிள்ளைகள் இரண்டு. யீஷூனில் எங்களுடையது இரண்டு படுக்கையறை வாடகை வீடு. ஹாலில் பாய் விரித்தபின் சமையலறைக்குப் போக வேண்டுமானால் யாரையாவது தாண்டித்தான் போக வேண்டும். நடுராத்திரி தண்ணீர் குடிக்கப் போன என் வீட்டுக்காரர் மாமாவின் கையை மிதித்துவிட, மாமா போட்ட சத்தத்தில் மூன்று பேர் எழுந்து காப்பி கேட்டார்கள்.

செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், பறவைப் பூங்கா என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த ஊர்ல ஏரி கீரி ஒண்ணும் இல்லியாம்மா?" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி மதகின் ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்குவது என்பது மேலிடத்து உத்தரவு. தூக்கும் தோள் லஸ்கருடையது. வேலைக்காலம் முழுவதும் வீராணம் ஏரிக்கரையில் கழிந்தது. எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆட்களுக்கு உலகத்து நீர்நிலைகள் இரண்டே வகை: வீராணம், வீராணத்தைவிடச் சின்னது. காலையில் பேப்பர் வந்ததும் சித்தப்பா முதலில் பார்ப்பது ஏரியின் மட்டத்தைத்தான். முழுக் கொள்ளளவு 47.5 அடி. அது 46 என்று போட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் காசு கேட்க மாட்டார்கள்.

"17 இருக்கு சித்தப்பா. நீர்த்தேக்கம்னு சொல்லுவாங்க" என்றேன். சொன்னதுதான் தாமதம், சட்டையை மாட்டிக்கொண்டார்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போவது என்று முடிவானது. அத்தையும் சித்தியும் விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை, தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய் எல்லாம் தயார் செய்துவிட்டார்கள். "ஒருநாளைக்குப் போறதுக்கு எதுக்கு இவ்ளோ?" என்று கேட்ட என் வீட்டுக்காரருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பீஷானில் ரயில் மாறி கால்டிகாட்டில் இறங்க வேண்டும். பீஷான் வருவதற்குள்ளேயே மாமா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

"தாத்தா, ஐந்நூறு வெள்ளி!" என்று பதறினான் என் மகன். வெள்ளி என்றால் இங்கத்து டாலர்.

"இதுவா? ஊர்ல அம்பது ரூவாதாண்டா" என்றார் மாமா.

எம்ஆர்டியில் எதையும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று விளக்கியபின் அரைமனதாகப் பொட்டலத்தை மடித்தார். ஏற்கெனவே வாயில் போட்டுவிட்ட துண்டைக் கடிக்காமலே கால்டிகாட் வரை கொண்டுவந்தார். அண்ணன் குடும்பம் உட்லண்ட்ஸிலிருந்து நேர் ரயிலில் வந்து எங்களுக்கு முன்பே காத்திருந்தது. அண்ணனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை, சிங்கப்பூரில் எங்களுக்கு முன்னால் கால் வைத்தவர். பெரியப்பா மகன் என்றாலும் கூடப்பிறந்தவர் மாதிரிதான்.

நீர்த்தேக்கத்தின் கரை கண்ணில் பட்டதும் சித்தப்பா குடும்பத்தைக் கைகழுவிவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை என்று கரைமேல் நடக்க ஆரம்பித்தார். ஓடிப் பயிற்சி செய்ய வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நடுவில் நின்று குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். ஏதோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து ஒரு சீனப் பெண்மணியும் கூடச் சேர்ந்து தேடினார்.

"எலிவளை இல்ல. ஒரு சீமைக்கருவேலங் கன்னுகூட இல்ல" என்றார் சித்தப்பா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எந்த அரசு ஊழியருக்குத்தான் பொழுது போகும்?

கட்டி முடித்தது 1868-இல், சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம், 1922-இல்தான் மெக்ரிட்சி என்று பெயர் மாற்றினார்கள், அவர் நகராட்சியில் இன்ஜினியராக இருந்தவர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தப்பா சட்டென்று நின்றார்.

"இன்ஜினியர் பேரா வச்சாங்க?"

"ஆமா."

"நம்மூர்ல ராசா பேரு. இங்க இன்ஜினியர் பேரு. ஷட்டர் தூக்கறவன் பேர எவனும் வக்க மாட்டான் போல."

வீராணத்துக்கு முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். அவன் மகன் ராஜாதித்தன் பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது என்பார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக அங்கே வந்து சேரும். 2004-லிருந்து சென்னைக்குக் குழாயில் போகிறது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் சித்தப்பா எந்தச் சென்னைக்காரரிடமும் பேச்சை முடித்ததில்லை. இவர்களுக்கும் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வருகிறது, 1962-இல் போட்ட ஒப்பந்தம் 2061 வரைக்கும் செல்லும், நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இவங்களும் மெட்ராஸ்தான்னு சொல்லு!"

இதற்கிடையில் மாமா படித்துறையைத் தேடிக்கொண்டிருந்தார். ஏரிக்குப் போகிறோம் என்றதும் அவர் எடுத்துக்கொண்டு வந்தது லுங்கி, துண்டு, ஒரு ஹமாம் சோப்பு. எல்லாம் நான் வீட்டிலிருந்து கொடுத்த பிளாஸ்டிக் பையில். (2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்கு ஐந்து காசாவது வாங்குகிறார்கள். அன்றிலிருந்து பழைய பைகளை நான் மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சித்தி பார்த்துவிட்டு, 'இப்பதான் நீ நம்ம வீட்டுப் பொண்ணு' என்றாள்.)

"குளிக்கக் கூடாது மாமா. இது குடிக்கிற தண்ணி."

"நாங்களும் குடிக்கிற தண்ணியிலதான் குளிச்சோம். என்ன கெட்டுப்போச்சு?"

அவருக்குப் பதில் சொல்ல நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் குரங்கு வந்தது.

மெக்ரிட்சியில் நீள்வால் குரங்குகள் உண்டு. தின்ன எதையும் கொடுக்கக் கூடாது. முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். அண்ணி இதை எல்லாரிடமும் சொல்லியிருந்தார். மாமா உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்து மூன்று லட்சத்துக்கு மேல் என்று அறிவித்திருந்தார். ஆகவே யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அதுவாகவே எடுத்துக்கொண்டது. இந்தக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உள்ளே தீனி இருக்கிறது என்று ஒரு கணக்கு. அத்தையின் தோளில் புளியோதரை மணக்க மணக்க ஒரு மஞ்சப்பை தொங்கியது. ஊரில் ஜவுளிக்கடையில் கொடுத்த துணிப்பை. குரங்கு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மஞ்சப்பையை அதன் வம்சத்தில் எவரும் பார்த்திருக்க முடியாது. நேராக மாமாவின் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது.

மேலே உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தது. முதலில் துண்டு, கீழே விழுந்தது. பிறகு லுங்கி, கிளையில் மாட்டிக்கொண்டது. கடைசியில் சோப்பைத் தாளோடு ஒரு கடி கடித்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை என் மாமியார் முகத்தில்கூட நான் கண்டதில்லை. சோப்பை வீசி எறிந்துவிட்டுப் போய்விட்டது.

"இதுக்கும் அபராதம் உண்டா?" என்றார் மாமா, லுங்கியை அண்ணாந்து பார்த்தபடி. தம்பியின் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். லுங்கியை எடுக்கத் தம்பி செருப்பைக் கழற்றி வீசப் பார்த்தான். "அண்ணிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வீசு" என்று அவன் மனைவி அடக்கினாள். காற்று ஒன்று அடித்தபோது லுங்கியே இறங்கி வந்துவிட்டது.

சித்தப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால், மீன்பிடிக்க ஒதுக்கிய இடத்தில் தொப்பி போட்ட ஒரு சீனத் தாத்தாவின் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் வாதாடிக்கொண்டிருந்தார். இங்கே உயிருள்ள இரையைப் போட அனுமதியில்லை, செயற்கை இரைதான். அந்தத் தாத்தாவின் தூண்டில் முனையில் பச்சையாக ஒரு ரப்பர்ப் புழு.

"மண்புழு போடுங்க சார். இத எந்த மீனு தின்னும்? மீனுக்கு அறிவில்லியா?"

தாத்தா ஹொக்கியனில் ஏதோ சொல்லித் தலையாட்டினார். இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டதாகவே நினைத்தார்கள். அப்போது கம்பு வளைந்தது. வெளியே வந்தது பீகாக் பாஸ். தென்னமெரிக்காவிலிருந்து எப்படியோ வந்து இங்கத்து நீர்த்தேக்கங்களில் பெருகிவிட்ட மீன். வாலருகே கண் மாதிரி ஒரு கருவட்டம். சித்தப்பா வாயடைத்துப் போனார். சித்தியோ மீனைப் பார்த்த கணத்திலேயே அதற்குப் புளி கரைக்க ஆரம்பித்திருப்பாள். தாத்தா அதைத் தூக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"விட்டுட்டான்!" என்று அலறினாள் சித்தி. சிங்கப்பூரில் அவளை அன்றுவரை எதுவும் அவ்வளவு உலுக்கவில்லை, விமானம் குலுங்கியது உட்பட.

மத்தியானம் வானம் கறுத்தது. மே மாதத்தில் காற்று சோம்பிக் கிடக்கும், காலைமுழுக்கக் காய்ந்த சூடு பிற்பகலில் இடியாக இறங்கும். ஊரில் கத்திரி வெயில் என்று சொல்லிக்கொண்டே அத்தை நனைந்தாள். கயாக் ஓட்டிக்கொண்டிருந்தவர்களைக் கரைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் கூரை இருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டு, மஞ்சப்பையை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். மாமா குரங்கு வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். சித்தப்பா சாப்பிடவே இல்லை. மழை பெய்யும்போது ஏரி எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருக்கும் பழைய லஸ்கர் ஒருவருக்கு வாட்ஸாப்பில் அழைப்பும் போனது. "கரை நல்லாத்தான் வச்சிருக்கான். வீராணத்துல ஒரு மூலைக்குக் காணாது. ஆனா சுத்தம்."

மழை விட்டு ரயிலடிக்கு நடக்கும்போது கேட்டார்: "மீதி பதினாறும் எங்கம்மா இருக்கு?"

அத்தையும் சித்தியும் மறுநாள் முஸ்தபா கடை என்று விமானம் ஏறும் முன்பே முடிவுசெய்திருந்தவர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் திறந்துவிட்டார். "மரினா பராஜ் பாருங்க சித்தப்பா. ஊருக்கு நடுவுலயே நீர்த்தேக்கம், 2008-ல தொறந்தாங்க. கடலுக்குக் குறுக்க 350 மீட்டர். ஒம்பது ஷட்டர். கனமழை பெஞ்சு கடல் வத்தியிருந்தா ஷட்டர எறக்கித் தண்ணிய விட்ருவாங்க. கடல் ஏறியிருந்தா ஏழு பம்பு, எறைச்சு வெளிய தள்ளிரும்."

சித்தப்பா நடுநடைபாதையில் நின்றார். "ஒம்பது ஷட்டரா? யாரு தூக்கறது?"

"ஆள் இல்ல சித்தப்பா. ஹைட்ராலிக்."

"அது ரிப்பேரானா?"

"இவனத்தான் கூப்புடுவாங்க" என்றாள் அத்தை, சித்தப்பாவைக் காட்டி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ முஸ்தபாவுக்கு எந்த ரயிலுன்னு சொல்லு."