34 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது, ஆய்வில் சேரக் கையெழுத்தும் போட்டேன்

2010-ல், என் முதல் பிரசவத்தில், 34 வாரம் 3 நாளில் பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி துளியும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் புரண்டு படுத்தபோது படுக்கை நனைந்திருந்தது. சிறுநீர் கசிந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து நின்றதும் மறுபடி தொடை வழியே இறங்கியது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அப்போதுதான் புரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வைத்திருந்த பேடை மாற்றாமல் அப்படியே போனேன். அது நல்லதாகப் போயிற்று. டாக்டர் முதலில் பார்த்தது அதைத்தான். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, பச்சையா, நாற்றம் உண்டா என்று பார்த்துவிட்டு, ஸ்பெகுலம் என்ற, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியை வைத்துச் சோதித்தார். விரல் வைத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "குடம் உடைஞ்ச பிறகு விரல் உள்ள போற ஒவ்வொரு தடவையும் கிருமி மேல ஏற வழி கொடுக்கறோம். வலி வராத வரைக்கும் தொடமாட்டோம்" என்றார். எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். எனக்கும் காட்டச் சொன்னேன். பெரணி இலையை அழுத்தி வைத்ததுபோல் கிளை கிளையாகப் படிந்திருந்தது. பனிக்குட நீர் காய்ந்தால் அதிலிருக்கும் உப்பு அப்படித்தான் படியுமாம்.

எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 250 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆரக்கிள் என்று பெயர், 2001-ல் முடிவு வந்தது. முன்கூட்டியே குடம் உடைந்த 4826 பெண்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். எரித்ரோமைசின் குழந்தைகளுக்கு நன்மை செய்தது. கோ-அமாக்ஸிகிளாவ் என்ற இன்னொரு மருந்து கொடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கோ குடல் அழுகல் நோய் அதிகமாக வந்தது. இரண்டுமே ஆன்டிபயாடிக்தான், கேள்விப்படும்போது இரண்டுமே பாதுகாப்பானவை போலத்தான் தெரியும். ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் இரண்டாவதை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

காலை பத்து மணிக்கு ஆராய்ச்சி நர்ஸ் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னது இதுதான்: 34 வாரத்துக்கும் 37 வாரத்துக்கும் இடையில் குடம் உடைந்து, வலியும் காய்ச்சலும் இல்லாத பெண்ணுக்கு உடனே பிரசவம் பார்ப்பது நல்லதா, காத்திருப்பது நல்லதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காத்திருந்தால் கிருமி தொற்றலாம். உடனே எடுத்தால் நுரையீரல் முழுசாகப் பழுக்காத குழந்தை வெளியே வரும். சில டாக்டர்கள் உடனே எடுப்பார்கள், சிலர் காத்திருப்பார்கள். இரண்டில் எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லும். நீங்கள் சம்மதித்தால்தான்.

குலுக்கல் என்ற சொல் என் கணவரைச் சுட்டுவிட்டது. "நம்ம பிள்ளையை வச்சு சீட்டா குலுக்கறாங்க?" என்றார். எனக்கும் முதலில் கோபம்தான். ஆனால் நர்ஸ் போனபிறகு படுத்தபடியே யோசித்தேன். ஆய்வில் சேராவிட்டால் யார் முடிவு செய்வார்கள்? அன்று டியூட்டியில் இருக்கும் டாக்டரின் பழக்கம். அதுவும் ஒரு குலுக்கல்தானே. என்ன, அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

அவர் திரும்பி வந்ததும் நான்கு கேள்வி கேட்டேன். சேரமாட்டேன் என்றால் கவனிப்பு குறையுமா? குறையாது. நடுவில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல். காத்திருக்கும் பிரிவில் விழுந்து எனக்குக் காய்ச்சல் வந்தால்? ஆய்வைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டோம், உடனே பிரசவம். குழந்தைக்குத் தொற்று வந்ததா என்று தீர்மானிப்பது யார்? அதைத் தீர்மானிக்கிறவர்களுக்கு நான் எந்தப் பிரிவு என்பதே தெரியாது. கடைசிப் பதில் எனக்குப் பிடித்தது. படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கணவருக்கு அரைமனதுதான், ஆனாலும் பக்கத்திலேயே இருந்தார்.

கம்ப்யூட்டர் 'உடனே பிரசவம்' என்றது. வலி வரவைக்க ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசின் ஏற்றினார்கள். பதினாறு மணி நேரம். சிசேரியன் இல்லாமல் மகன் பிறந்தான், 2.2 கிலோ. அழுதான். அழுகை நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது: ஒவ்வொரு மூச்சு விடும்போதும் 'ம்ம், ம்ம்' என்று ஒரு முனகல். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூக்கில் குழாய் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இன்குபேட்டரின் வட்டத் துளை வழியே கையை விட்டு அவன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கட்டைவிரல் அகலம்கூட அந்தக் கால் இல்லை. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். தேறிவிட்டான்.

2016-ல் முடிவு வெளியானது. ஆய்வின் பெயர் பிபிராம்ட். 11 நாடுகள், 1839 பெண்கள். குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தது உடனே எடுத்ததில் 2 சதவீதம், காத்திருந்ததில் 3 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. மூச்சுத் திணறலோ உடனே எடுத்ததில் 8, காத்திருந்ததில் 5 சதவீதம். சிசேரியன் உடனே எடுத்ததில் 26, காத்திருந்ததில் 19 சதவீதம். காத்திருந்த தாய்மார்களுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பிரசவத்தின்போதும் ரத்தப்போக்கும், பிரசவ நேரக் காய்ச்சலும் கொஞ்சம் அதிகம், ஆஸ்பத்திரி வாசமும் நீளம். ஆனால் தொற்றோ வேறு சிக்கலோ இல்லாதவரை காத்திருப்பதே குழந்தைக்கு நல்லது என்பதுதான் முடிவு.

உடனே எடுத்த பிரிவில் மூச்சுத் திணறிய குழந்தைகள் 76. அந்த எண்ணின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தேன். அதில் ஒருவன் என் மகன். அன்று மறு பிரிவில் விழுந்திருந்தால் அந்த ஐந்து நாள் இல்லாமல் போயிருக்குமோ என்று அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் என்னிடம் யாரும் எதையும் மறைத்துக் கையெழுத்து வாங்கவில்லை. தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் கேட்டார்கள். அது தெரியவந்ததே நாங்கள் 1839 பேரும் சரி என்று சொன்னதால்தான்.

அடுத்த வருடம் என் சித்தி மகளுக்கு 35 வாரத்தில் குடம் உடைந்தது. "தண்ணி போயிட்டே இருக்கு, டாக்டர் காத்திருக்கலாம்னு சொல்றாங்க, பயமா இருக்குக்கா" என்று வார்டிலிருந்தே அழைத்தாள். தண்ணீர் என்ன நிறம், காய்ச்சல் உண்டா, பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றக்கூடிய குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேட்கச் சொன்னேன். அது இருந்தால் சீக்கிரம் எடுப்பதே நல்லது என்று டாக்டர்கள் முடிவெடுக்கலாம். அவளுக்கு அது இல்லை. "எதுக்காகக் காத்திருக்கச் சொல்றாங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். ஏதோ பெரிய ஆய்வுல பார்த்திருக்காங்களாம்" என்றாள்.