பினாங்கின் பழைய ஆலை யார் யார் கைக்கு மாறியது?

பினாங்கில் மலையோடை நீரில் சக்கரம் சுற்றி மாவரைத்த காலம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஸ்மித் வரைந்து வில்லியம் டேனியல் அச்சுக்குச் செதுக்கிய பினாங்குக் காட்சிகளில் சீனர் ஆலைகளும் இடம்பெற்றன. அப்படிப்பட்ட நீராலையானாலும் சரி, கடைத்தெருப் பக்கத்து அரிசி ஆலையானாலும் சரி, பழைய உடைமையாளர்களைத் தேடும் வழி ஒன்றுதான்.

ஆலையின் பெயரை நம்பி இறங்காதீர்கள். பெயர் குத்தகைக்காரரோடு மாறும், கதவு எண்ணும் மாறும். முதலில் லாட் எண், அதாவது நிலத் துண்டின் அளவை எண் வேண்டும். அது நிலவரி பில்லில், அதாவது சுக்காய் தானாவில் இருக்கும். மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி பில் முகவரியை ஒட்டியது. அதை மட்டும் வைத்துத் தேடினால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுவீர்கள். லாட் எண்ணோடு ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்தில் உள்ள நில அலுவலகத்தில் ‘சாரியான் பெர்செண்டிரியான்’, அதாவது தனிப்பட்ட நிலத் தேடல் கேளுங்கள். இன்றைய உடைமையாளர், அடமானம், கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் குறிப்பு) எல்லாம் அதில் வரும். முந்தைய பட்டா எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கும் ஏணி அதுதான்.

1966 ஜனவரி 1க்கு முன் பினாங்கிலும் மலாக்காவிலும் நடந்தது ஆங்கிலேயப் பத்திர முறை. உரிமைக்கு ஆதாரம் பதிவேட்டில் இருக்கும் பெயர் அல்ல, பத்திரங்களின் சங்கிலி. பத்திரத்தின் முன்பகுதியில் பெரும்பாலும் ‘இன்னாரிடமிருந்து இந்தத் தேதியில் இவருக்கு வந்தது’ என்று பழைய கைமாற்றம் சொல்லப்பட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். சங்கிலி பெரும்பாலும் அறுவது மரணத்தில்தான். அங்கே உயில் அல்லது வாரிசு நிர்வாக ஆணையைத் தேடாமல் அடுத்த படி கிடைக்காது.

பலரும் தவறும் இடம் அடமானம். அந்த முறையில் அடமானம் வைத்தால் நிலத்தின் சட்ட உரிமையே கடன் கொடுத்தவர் பெயருக்கு எழுதப்படும். கடன் தீர்ந்ததும் திருப்பி எழுதித் தருவார்கள். மேலோட்டமாகப் படித்தால் கிரயம் போலவே இருக்கும். வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் பெயரைப் பார்த்ததும் ‘ஆலையைச் செட்டியார் வாங்கினார்’ என்று எழுதிவிடுவது இதனால்தான். பணம் கட்டினால் மீட்கலாம் என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா, பின்னால் திருப்பி எழுதிய பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பி எழுதிய பத்திரம் இல்லாமல் ஏல விற்பனை தெரிந்தால் நிலம் அடமானத்தில் முழுகியிருக்கிறது.

செட்டியார் கடையில் இன்னொரு நுணுக்கம்: ஆள் பெயரைவிட விலாசம், அதாவது கடையைக் குறிக்கும் தலைப்பெழுத்துகள் முக்கியம். கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் தொழில் கூடத்தில், முதலாளிக்காக உட்கார்ந்த மேலாள் கணக்கு முடிந்து ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். பத்திரத்தில் கையெழுத்து மாறும். ஆனால் பெயருக்கு முன் வரும் எழுத்துகள் மாறாது. மூன்று பத்திரங்களில் மூன்று பெயர், ஒரே விலாசம் என்றால் கடன் கொடுத்தது ஒரே கடைதான்.

தமிழ் முஸ்லிம் வணிகர்கள் விஷயத்தில் சிக்கல் எழுத்துக்கூட்டலில். ‘மு.’ என்ற தலைப்பெழுத்தை எழுத்தர் ஓரிடத்தில் ‘எம்’ என்றும் மற்றோரிடத்தில் ‘மூனா’ என்றும் எழுதியிருப்பார். மரைக்காயர் என்பது மெரிக்கான், மரிக்கான், மரிக்கார் என்று பல உருவில் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடத்தான் வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் தேடும்போதும் இப்படியே செய்யுங்கள். அடமான ஏல அறிவிப்புகள் அங்கே ஏராளம்.

அளவிலும் கவனம். பழைய பினாங்குப் பத்திரத்தின் ‘ஓர்லோங்’ என்ற நில அளவு 20 ஜும்பா நீளம், 20 ஜும்பா அகலம். ஒரு ஜும்பா 12 அடி. ஆக 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். இன்று பேச்சில் வரும் ‘ரெலோங்’ 0.71 ஏக்கர்தான். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் பரப்பு பாதியாகச் சுருங்கி, ‘நிலம் எங்கே போயிற்று’ என்று வீணாய்த் தேடுவீர்கள்.

நீராலை என்றால் வாய்க்காலையும் தேடுங்கள். அணையும் வாய்க்காலும் வேறொருவர் லாட்டில் இருக்கலாம். தண்ணீர் கொண்டுபோகும் உரிமை அந்த நிலத்தின் பத்திரத்தில் எழுதியிருக்கலாம். ஆலையின் பத்திரமே கிடைக்காதபோது சுற்றியுள்ள நான்கு லாட்டுகளின் பத்திரங்களை எடுங்கள். ‘மேற்கே இன்னாருடைய நிலம்’ என்று நான்கெல்லையில் வரும் அந்த இன்னாரே நீங்கள் தேடிய ஆளாக இருக்கலாம்.